எபிசோட் 34: மோக்லி பாட்டு டோக்கியோவில் இருந்து வரலை

பெசன்ட் நகர்ல மூணாவது மாடி, ஜன்னல் மூடி இருக்கு, ஃபேன் ஆஃப். மைக்ல ஃபேன் சத்தம் விழக்கூடாதுன்னு வேர்த்துக்கிட்டே பேசறேன். நடுவுல காக்கா சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க, அதுங்களை மட்டும் என்னால மியூட் பண்ண முடியலை.

போன ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன்னா பெரியம்மா பையன், என்னைவிடப் பன்னிரண்டு வயசு பெரியவர். அவரோட பொண்ணுக்கு எட்டு வயசு. சோஃபா மேல ஏறி நின்னு, ரிமோட்டை மைக்கா பிடிச்சுக்கிட்டு 'டீமன் ஸ்லேயர்' முதல் சீசன் பாட்டைப் பாடிக்கிட்டு இருந்தா. லிசா பாடின 'குரெங்கே'. எட்டு வயசுல டீமன் ஸ்லேயர் பாக்கலாமாங்கிறது தனி எபிசோட். அண்ணிக்கு அதுல ரொம்ப உறுதியான கருத்து இருக்கு.

அண்ணன் கேட்டார்: "ஒரு வார்த்தையாவது புரியுதாடி?"

அவ கேட்டா: "உனக்கு மோக்லி பாட்டு புரிஞ்சுதாப்பா?"

அண்ணன் வாயைத் திறக்கலை. நான் சிரிச்சேன். ஆனா அன்னைக்கு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடலை. முப்பது வருஷ இடைவெளியில ஒரே வீட்டில் ரெண்டு பேர், ரெண்டு பேரும் ஜப்பான் கார்ட்டூன் பார்த்து, ரெண்டு பேரும் புரியாத மொழியில பாடியிருக்காங்க. ஒருத்தர் இந்தியில, இன்னொருத்தி ஜப்பானிய மொழியில. இது எப்படி நடந்தது? இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல அடிப்படை விஷயம். 90ஸ் கிட்ஸ் எல்லாரும் 'எங்க மோக்லி'ன்னு உரிமையா சொல்ற அந்த கார்ட்டூன் இந்தியாவில் எடுத்தது இல்லை. டிஸ்னியும் இல்லை. பேரு 'ஜங்கிள் புக்: ஷோனென் மோக்லி', அதாவது சிறுவன் மோக்லி. நிப்பான் அனிமேஷன்கிற ஜப்பான் ஸ்டுடியோ தயாரிச்சது, ஃபூமியோ குரோகாவா இயக்கினது. டிவி டோக்கியோ சேனல்ல 1989 அக்டோபர்ல தொடங்கி 1990 அக்டோபர்ல முடிஞ்சது. மொத்தம் 52 எபிசோட். கதைக்களம் கிப்ளிங்கோட 1894 புத்தகத்தில் வர்ற மத்தியப் பிரதேசத்து சியோனி மலைக்காடு. ஆனா கிப்ளிங்ல இல்லாத பாத்திரங்களும் உண்டு. மோக்லி கூடவே சுத்துமே கிச்சி, அது ஒரு சிவப்பு பாண்டா. சிவப்பு பாண்டா கிழக்கு இமயமலைப் பக்கம் வாழற பிராணி. மத்தியப் பிரதேசத்துக்கு அது எப்படி வந்ததுன்னு யாரும் கேட்கலை. அழகா இருந்தது, விட்டுட்டோம்.

ஜப்பான்ல இதுக்கு வேற டைட்டில் பாட்டு. பேரே 'கெட் அப்'னு ஆங்கிலத்தில்தான் தொடங்கும். யூடியூப்ல தேடிக் கேட்டுப் பாருங்க. எண்பதுகளோட கடைசி வருஷத்து ஜப்பான் பாப், சின்தசைசர் எல்லாம் வெச்சு, நல்லாத்தான் இருக்கு. ஆனா படத்துல அதே மோக்லி ஓட, பின்னாடி இந்தப் பாட்டு வரும்போது, நம்ம வீட்டு நாய்க்கு வேற யாரோ பேர் வெச்சுக் கூப்பிடற மாதிரி இருக்கும்.

நாம கேட்ட பாட்டு 1993-ல் தூர்தர்ஷனுக்காக மும்பையில் புதுசா செஞ்சது. இசை விஷால் பரத்வாஜ், வரிகள் குல்சார். 'மக்பூல்', 'ஓம்காரா' எடுத்த அதே விஷால் பரத்வாஜ்தான். அப்போ அவர் இயக்குநர் இல்லை, வாய்ப்புத் தேடிக்கிட்டு இருந்த இளம் இசையமைப்பாளர். குல்சாரோ அதுக்குள்ளயே பெரிய பேர். இதே நிப்பான் அனிமேஷனோட 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' தொடருக்கும் இதே ஜோடி இந்திப் பாட்டு போட்டாங்க. அப்புறம் 1996-ல 'மாச்சிஸ்' படம் வந்தது, விஷால் பரத்வாஜ் பேரை நாடே கவனிச்சது. அந்தக் கூட்டணி பழகின இடம் ஒரு ஜப்பான் கார்ட்டூனோட டைட்டில்.

இப்போ கொஞ்சம் இன்ஜினியரிங். ஒரு கார்ட்டூனை வேற நாட்டுக்கு விக்கும்போது சத்தத்தை ஒரே ஃபைலா குடுக்க மாட்டாங்க. வசனம் தனி டிராக். பின்னணி இசையும், காலடி, காத்து, கதவு மாதிரி ஒலிகளும் சேர்ந்து இன்னொரு டிராக். இந்த ரெண்டாவதுக்கு டப்பிங் ஆளுங்க வெச்சிருக்கற பேரு 'எம் அண்ட் இ', மியூசிக் அண்ட் எஃபெக்ட்ஸ். வாங்கற நாடு அந்த டிராக்கை அப்படியே வெச்சுக்கிட்டு வசனத்தை மட்டும் தன் மொழியில பேசி மேல ஒட்டும். நானா படேகர் ஷேர் கானுக்குக் குரல் குடுத்தது இப்படித்தான். புலி உறுமும் இடத்தில் பின்னணி இசை ஜப்பான்லயே செஞ்சது, மிரட்டல் மட்டும் நம்ம ஊரோடது.

டைட்டில் பாட்டு வர்ற இடத்தில்தான் இந்த ஏற்பாடு மாட்டிக்கும். அங்க இசையே பாடுது, இசைக்குள்ளயே மொழி இருக்கு. அதோட திரையில் ஜப்பானிய எழுத்தில் பேரு ஓடும். அதுக்காகவே எழுத்து இல்லாத ஒரு பிரதியைத் தனியா எடுத்து வெப்பாங்க. வாங்கற நாட்டுக்கு மூணு வழி. ஒண்ணு, மூலப் பாட்டை அப்படியே ஓட விடலாம். ரெண்டு, அதே மெட்டுக்கு நம்ம மொழியில வரி எழுதிப் பாடலாம். மூணு, மொத்தமா தூக்கிப் போட்டுட்டுப் புதுப் பாட்டு போடலாம். கோடு எழுதறவங்க பாஷையில சொன்னா, முதல் வழி டிஃபால்ட் செட்டிங், ரெண்டாவது பேட்ச், மூணாவது ஃபோர்க்.

அந்தக் காலத்தில் ஃபோர்க் பண்றது ரொம்ப சகஜம். இதே நிப்பான் அனிமேஷனோட 'தேனீ மாயா' தொடர் 1975-ல வந்தது. அது ஜெர்மனிக்குப் போனப்போ கரேல் ஸ்வோபோடா புதுசா இசையமைச்சு, கரேல் காட் பாடினார். ரெண்டு பேருமே செக் நாட்டுக்காரங்க. பாட்டு ஜெர்மன், கார்ட்டூன் ஜப்பான், பாடினவர் செக். இன்னைக்கு வரைக்கும் ஜெர்மானியர்களுக்கு அது அவங்க ஊர்ப் பாட்டு. இத்தாலியில் கிறிஸ்டீனா டாவேனான்னு ஒரு பாடகி, கார்ட்டூன் டைட்டில் பாட்டு பாடியே நாடறிஞ்ச நட்சத்திரம் ஆயிட்டாங்க. அதனால தூர்தர்ஷன் செஞ்சது வினோதமான காரியம் இல்லை. வினோதம் என்னன்னா, நம்ம நாட்டில் ஒரு நாடு ஒரு மொழின்னு கிடையாது.

அண்ணன் கதைக்கு வர்றேன். 1993-ல அவருக்கு எட்டு வயசு. பெரியப்பாவுக்கு மத்திய அரசு வேலை, பெசன்ட் நகர் குவார்ட்டர்ஸ்ல வீடு. ஞாயிறு காலையில டிவி முன்னாடி உட்காரறது, 1987-ல ராமாயணம் தொடங்கினதில் இருந்து நாட்டுக்கே பழகிப்போன விஷயம். மெட்ராஸ் தூர்தர்ஷன்ல தமிழ் நிகழ்ச்சி இருந்தது, ஒளியும் ஒலியும் இருந்தது, வயலும் வாழ்வும் இருந்தது. ஆனா ஞாயிறு காலை டெல்லியில இருந்து வர்றதுதான், அதுவும் இந்தியில. ராமாயணத்துக்குப் பாட்டி கதை சொல்லிடுவாங்க, மொழி தேவையில்லை. மோக்லிக்குப் பாட்டிக்கும் கதை தெரியாது.

பாட்டோட முதல் சொல் 'ஜங்கிள்'. அதையே ரெண்டு தடவை சொல்றதால எல்லாருக்கும் புரிஞ்சிடும். (ஒரு சின்னக் கிளைக்கதை: இந்தச் சொல் இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது, சமஸ்கிருதத்தில் அதோட மூலத்துக்கு வறண்ட நிலம்னு அர்த்தம். வறண்ட நிலமா கிளம்பினது, ஆங்கிலத்தில் அடர்ந்த காடா போய்ச் சேர்ந்திருக்கு.) அதுக்கப்புறம் அண்ணனுக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்: சட்டி. நம்ம சட்டி. மண்சட்டி. காட்டுல ஒரு பையன், பூ, சட்டி. மோக்லி எங்கேயோ சட்டியைக் கவுத்துட்டான், அல்லது சட்டியில பூ பூத்திருக்கு. இந்த நம்பிக்கையில ரெண்டு மாசம் பாடியிருக்கார். கடைசியில் வர்ற 'ஹை'யை மட்டும் எல்லாரையும்விட சத்தமா.

அப்புறம் மாடி வீட்டுப் பையன், அவங்க அப்பா உத்தரப் பிரதேசத்தில் இருந்து மாத்தலாகி வந்தவர், விழுந்து விழுந்து சிரிச்சுட்டு விளக்கம் சொல்லியிருக்கான். அது சட்டி இல்லை, ஜட்டி. மோக்லி போட்டிருக்கற அந்தத் துண்டுத் துணி. குல்சார் பாட்டில் மோக்லியே ஒரு பூ, ஜட்டி போட்ட பூ. அண்ணன் சொல்றார்: "அன்னைக்குத்தான்டா எனக்கு அந்தப் பாட்டு பிடிச்சுது. அதுவரைக்கும் கத்தினேன், அவ்வளவுதான்."

இந்த ஒரு சொல்லுக்குப் பின்னாடியும் கதை இருக்கு. குழந்தைங்க பாட்டில் உள்ளாடையா, வேற சொல் போடக்கூடாதான்னு அப்பவே ஆட்சேபம் வந்தது. குல்சார் மாத்த மறுத்துட்டார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரியுது. எட்டு வயசுப் பையன் எந்த மொழியில இருந்தாலும், அந்த ஒரு சொல்லுக்குத்தான் முதல்ல சிரிப்பான். பெரியவங்க பாட்டில் இருக்கவே முடியாத ஒரு சொல்லை வெச்சு, 'இது உன் பாட்டு'ன்னு குழந்தைகிட்ட குடுத்துட்டார். ஆனா அந்தச் சொல்லோட முழு வேலையும் இந்தி தெரிஞ்ச குழந்தைகிட்ட மட்டும்தான் நடக்கும். நம்ம ஊருக்கு வரும்போது அது சட்டியாயிடுச்சு.

ஒரு சின்னக் கணக்கு. அனிமே ஓப்பனிங் வழக்கமா 90 விநாடி. 52 எபிசோடுக்கு 78 நிமிஷம். கதையோட ஒவ்வொரு காட்சியையும் குழந்தை ஒரு தடவைதான் பாக்குது. இந்தப் பாட்டை 52 தடவை கேக்குது. தொடர்ல எந்தக் காட்சி என்னன்னு அண்ணனுக்கு இன்னைக்கு ஞாபகம் இல்லை. பாட்டு அப்படியே இருக்கு. ஒரு தொடர்ல மொழி பெயர்க்க வேண்டிய முதல் விஷயம் டைட்டில் பாட்டுன்னு நான் சொல்றது இதனாலதான். நடைமுறையில அதைத்தான் கடைசியா யோசிக்கறாங்க, இல்லை யோசிக்கறதே இல்லை.

அதே 1993-ல, ஏப்ரல் 14, சன் டிவி ஆரம்பிச்சாங்க. எனக்கு இந்தத் தேதி ஒத்துப்போறது ரொம்ப முக்கியமா படுது. அதுவரைக்கும் தமிழ் வீட்டில் டிவி போட்டா, ஒரு பகுதி நேரமாவது நாட்டோட மத்தவங்க பாக்கறதையே பாக்கணும். கேபிள் வந்த பிறகு நாள் முழுக்கத் தமிழ்லயே இருக்கலாம்ங்கிற நிலைமை சில வருஷத்தில் வந்துட்டது. நான் வளர்ந்த வீட்டில் தூர்தர்ஷனை யாரும் வெச்ச ஞாபகமே இல்லை. எனக்கு 'மை டியர் பூதம்', அப்புறம் 2007-ல வந்த சுட்டி டிவி. ஜாக்கி சான் அட்வென்சர்ஸ் தமிழ்ல பேசினது, டோராவின் பயணங்கள்ல மேப் தமிழ்ல பாடினது. 'சித்தி', 'மெட்டி ஒலி' டைட்டில் பாட்டு வந்தா எங்க அம்மா அடுப்பைக் குறைச்சுட்டு ஹாலுக்கு வருவாங்க. டைட்டில் பாட்டோட பலம் என்னன்னு தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அதனால மோக்லி பாட்டு எனக்கு நேரடி ஞாபகம் இல்லை, அண்ணன் மூலமா வந்த ஞாபகம். நான் தொடரை முதல்ல பார்த்ததே 2020 லாக்டவுன்ல. மார்ச் கடைசியில் தூர்தர்ஷன் ராமாயணத்தை மறுபடி போட்டாங்க இல்லையா, அதுக்குப் பின்னாடியே ஏப்ரல் 8-ல் இருந்து மதியம் 1 மணிக்கு ஜங்கிள் புக். எலியட்ஸ் பீச்சை அடைச்சிருந்தாங்க, தெருவுல ஒரு வண்டி இல்லை, கடல் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. லேப்டாப்ல ஸ்டாண்ட்-அப் மீட்டிங் ஓடுது, கேமரா ஆஃப். ஹால்ல டிவி. பாட்டு தொடங்கினதும் எதிர் பிளாட் பால்கனியில இருந்து ஒரு ஆண் குரல் கூடவே பாடினது. நாப்பது வயசு இருக்கும். அவரும் 'ஹை'யைத்தான் சத்தமா பாடினார்.

அதுக்கு முன்னாடி 2016-லயும் ஒரு தடவை இந்தப் பாட்டு திரும்பி வந்தது. டிஸ்னியோட 'ஜங்கிள் புக்' படம் அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்னாடியே, ஏப்ரல் 8-ம் தேதி இந்தியாவில் ரிலீஸ். இந்தி விளம்பரத்துக்காக விஷால் பரத்வாஜ் அதே பாட்டைத் திரும்ப ரெக்கார்ட் பண்ணினார், இந்தி டப்பிங்ல நானா படேகரே மறுபடி ஷேர் கான். யோசிச்சுப் பாருங்க. அமெரிக்க கம்பெனி தன்னோட படத்தை விக்கறதுக்கு, ஜப்பான் தொடருக்காக மும்பையில செஞ்ச பாட்டைக் கடன் வாங்குது. கார்ட்டூனோட உரிமை டோக்கியோவில் இருந்தாலும், இந்தியாவில் அந்த ஞாபகத்தோட சாவி பாட்டுகிட்ட இருக்குன்னு டிஸ்னிக்குத் தெரிஞ்சிருக்கு.

சரி, இன்னைக்கு நிலைமை. 'சோலோ லெவலிங்', 'ஜுஜுட்சு கைசன்' எல்லாம் தமிழ்ல டப் ஆகி கிரஞ்சிரோல்ல வருது. 2025 செப்டம்பர் 12-ம் தேதி 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' தமிழ்லயும் தியேட்டருக்கு வந்தது. நான் போன ஷோவில் கத்தின கத்தல்ல காது அடைச்சுப் போச்சு. வசனம் தமிழ், பாட்டு ஜப்பானியம். தியேட்டர்ல பாதிப் பேர் அதைக் கூடவே முணுமுணுத்தாங்க. அந்தப் பாதிப் பேர்ல ஜப்பானிய மொழி தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ ஏன் யாரும் பாட்டை மாத்தறதில்லை? சோம்பேறித்தனம் இல்லை, பணம் போடற அமைப்பே வேற. இன்னைக்கு ஒரு அனிமேவை ஒரு கம்பெனி தனியா எடுக்கறது அபூர்வம். பதிப்பகம், டிவி, பொம்மை கம்பெனி, இசை கம்பெனி எல்லாம் சேர்ந்து ஒரு தயாரிப்புக் கமிட்டி அமைச்சு முதல் போடுவாங்க. இசை கம்பெனி எதுக்கு வருது? தன்னோட பாடகர் பாட்டை ஓப்பனிங்ல வெக்கறதுக்கு. டீமன் ஸ்லேயரைத் தயாரிக்கற அனிப்ளெக்ஸ், ஜப்பான் சோனி மியூசிக்கோட பிள்ளை. லிசாவும் சோனி மியூசிக் குடும்பத்துப் பாடகி. 2021-ல் கிரஞ்சிரோலும் சோனி கைக்குப் போயிட்டது. ஆக 'குரெங்கே'யைத் தூக்கிட்டு ஒரு தமிழ்ப் பாட்டு போடறதுன்னா, அந்தத் தொடருக்குப் பணம் போட்ட காரணத்திலேயே கை வெக்கறது. 2023-ல யோஅசோபியோட 'ஐடல்' பாட்டு உலகம் முழுக்கப் போனது 'ஓஷி நோ கோ' முதுகுல ஏறித்தான்.

ரசிகர்களும் மாத்த விட மாட்டாங்க. நானே விட மாட்டேன். 'குரெங்கே' மெட்டுக்குத் தமிழ் வரி போட்டு யாராவது பாடினா, முதல் ஆளா கீழ கமெண்ட்ல திட்டறது நானாத்தான் இருப்பேன். பதினெட்டு வயசுல அனிமேக்குள்ள வர்றவனுக்கு ஜப்பானியப் பாட்டு ஒரு பெருமை, அவன் தேடிப் போய் எடுத்துக்கிட்டது. அர்த்தம் வேணும்னா சப்டைட்டில் இருக்கு.

ஆனா எட்டு வயசுக்கு அது வேற. அவ தேடிப் போகலை, டிவியில வந்தது. அண்ணனுக்கு இந்தி வந்த மாதிரியேதான். ஒரு வித்தியாசம்: 1993-ல இந்தியாக் குழந்தைங்களுக்குன்னு ஒருத்தர் உக்காந்து பாட்டு எழுதினார், அது நம்ம மொழியில இல்லை. இப்போ வசனம் வரைக்கும் நம்ம மொழிக்கு வந்துட்டது, பாட்டு எழுத இடமே இல்லை. முதல்ல சொன்னதில் எனக்கு வருத்தம் பெருசா கிடையாது. ரெண்டாவதுதான் உறுத்துது. சின்னக் குழந்தைங்களுக்கான பழைய தொடர்கள், கமிட்டிச் சிக்கல் குறைவா இருக்கறது, நிறைய இருக்கு. அதைத் தமிழ்ல வாங்கற சேனல்காரங்க ஒரு நல்ல பாடலாசிரியரைக் கூப்பிட்டு 90 விநாடிக்கு எழுதச் சொன்னா என்ன செலவு ஆயிடும்? சீரியல் டைட்டிலுக்குச் செய்யறோமே.

அன்னைக்கு சாயங்காலம் நாங்க மூணு பேரும் முயற்சி பண்ணினோம். விஷால் பரத்வாஜ் மெட்டுக்குத் தமிழ் வரி. சொல்றதுக்கு சுலபம். இந்தியில வரி முடியற இடத்தில் 'ஹை'னு ஒரே ஒரு அசை, இழுத்துப் பாடிடலாம். தமிழ்ல வினைச்சொல் எல்லாத்தையும் வாலா கட்டிக்கிட்டு வரும். 'பூத்திருக்கு'ன்னு முடிக்கறதுக்குள்ள மெட்டு அடுத்த வரிக்குப் போயிடுது. 'பூ'ன்னே முடிச்சுப் பார்த்தோம், சரியா உட்கார்ந்தது. அதுக்கு முன்னாடி ஜட்டி வரணும். ஜட்டின்னு போட்டா பாடும்போது இடிக்குது, அண்ணன் 'சட்டி'ன்னே வெச்சுக்கலாம்னார், மெட்டுக்கு அதுதான் பொருந்துதாம்.

"சித்தப்பா, சட்டி போட்டுக்கிட்டு எப்படிப்பா நடப்பான்?"ன்னு அவ கேட்டா. அண்ணன் சமையல்கட்டுக்குப் போய் ஒரு அலுமினியச் சட்டியை எடுத்துட்டு வந்து அவ தலையில கவுத்தார். அப்படியே ஹாலை ரெண்டு சுத்து சுத்தினா, 'ஹை'யை மட்டும் கத்திக்கிட்டு. அண்ணி வந்து சட்டியைப் பிடுங்கிட்டுப் போனதோட எங்க பாடல் பதிவு நின்னது.

ரெண்டு வரி இருக்கு, மூணாவது வரலை. உங்களுக்கு வந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன். இப்போ நான் ஃபேனைப் போட்டுக்கறேன்.